சொர்க்க வாசலும் இருதய வாசலும்

மார்கழி மாதத்தில் வைகுண்ட ஏகாதசி என்று ஒன்று வந்துவிட்டால், தொட்டியம், காட்டுப்புத்தூர், முசிறிப் பக்கத்து ஜனங்களில் அனேகர் இராத்திரியோடு இராத்திரியாய் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்குப் போய், குளிரிலும் கூட்டத்திலும் நசுங்கி, சொர்க்கவாசல் என்று சொல்லப்படும் ஒரு கதவு திறக்கிறதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தக் கதவு வழியாய் நுழைந்தவர்களில் யாரும் நேரே சொர்க்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக நமக்குத் தகவல் இல்லை. எல்லோரும் மறுநாள் கோரை அறுக்கவும், வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சவும், கடையைத் திறக்கவும் ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறார்கள். அதைப்பற்றி இன்று நாம் சண்டை பிடிக்க வரவில்லை. அப்படிப் போகிற ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் நான்கு வாசல்கள் இருக்கின்றன என்பதும், அவை வருஷத்துக்கு ஒரு தடவையல்ல, நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகின்றன என்பதும், அவற்றில் ஒன்று கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதும் நம் ஜனங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்றுதான் கேட்கிறோம்.

ஸ்ரீரங்கத்துக் கதவு ஒரு வருஷம் திறக்காமல் போனால் அர்ச்சகருக்கும் உண்டியலுக்கும் தவிர வேறு யாருக்கும் நஷ்டமில்லை. நெஞ்சின் கதவு திறக்காமல் போனால் குடும்பமே நடுத்தெருவில் நிற்கும். அப்படியிருந்தும் முதல் கதவைப்பற்றி ஆயிரம் புராணம் தெரிந்து வைத்திருக்கிற நம்மவர்களுக்கு இரண்டாவது கதவைப்பற்றி ஒரு வரி தெரியாது.

இதை விளக்கப் பெரிய பண்டிதர் யாரும் வேண்டியதில்லை. கிணற்றில் மோட்டார் பம்பு வைத்திருக்கிற விவசாயிக்குப் புட்வால்வு என்றால் என்னவென்று தெரியும். தண்ணீர் மேலே ஏறலாம், கீழே இறங்கக்கூடாது. அதற்காகக் குழாயின் அடியில் வைத்திருக்கிற சிறு கதவு அது. அது சரியாய் மூடாவிட்டால் ஏறின தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே இறங்கும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு சரியாய்த் திறக்காவிட்டால் மோட்டார் முக்கும், முனகும், சூடேறும். வாய்க்காலில் மட்டும் தண்ணீர் வராது. இருதயமும் இப்படிப்பட்ட ஒரு பம்புதான். கைமுஷ்டி அளவுள்ள சதைப் பம்பு. அதில் நான்கு அறை, நான்கு வால்வு. கதவு சுருங்கி ஒட்டிப்போவது ஒரு வகை வியாதி. மூடாமல் ஒழுகுவது மற்றொரு வகை. சிலருக்கு ஒரே கதவில் இரண்டும் சேர்ந்து வரும். கதவு கெட்டால் இருதயம் உடனே நின்றுவிடுவதில்லை. பல வருஷ காலம் கூடுதலாய் உழைத்து, வீங்கி, கடைசியில்தான் களைத்துப் போகிறது. இந்த வியாதியின் மோசமே இந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

புட்வால்வு கெட்டால் நம் விவசாயி என்ன செய்கிறான்? ஆயுத பூஜையன்று மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டவன்கூட, அது நின்றுபோன அன்றைக்கு மெக்கானிக்கைத்தான் கூப்பிடுகிறான். குழாயைத் தூக்கிப் பார்க்கிறான். பூசாரியைக் கிணற்றடிக்கு அழைத்து வருவதில்லை. மோட்டாருக்குக் காட்டுகிற அந்த அறிவைப் பெற்ற மகளின் நெஞ்சுக்கு மட்டும் காட்டமாட்டேன் என்றால் அதற்கு என்ன பெயர் சொல்லுவது?

இனி, இந்தக் கதவு எப்படிக் கெடுகிறது என்கிற சங்கதிக்கு வருவோம். வயதான காலத்தில் கதவில் சுண்ணாம்பு படிந்து இறுகுவது உண்டு. பிறவியிலேயே கோளாறாய் அமைவதும் உண்டு. ஆனால் நம் நாட்டு ஏழைக் குடும்பங்களில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடத்திலும் இளம் தாய்மார்களிடத்திலும் நாம் காண்கிற வால்வுக் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் தொண்டைவலிதான் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் உள்ள பிள்ளைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைவலியும் காய்ச்சலும் வருகிறது. அது நாலு நாளில் போய்விடுகிறது. அந்தக் கிருமியை விரட்டுவதற்காக உடம்பு திரட்டின படை, சிலருடைய உடம்பில் ஆள் அடையாளம் தெரியாமல், இரண்டு மூன்று வாரம் கழித்துத் தன் சொந்த மூட்டுகளையும் இருதயத்தையும் தாக்கத் தொடங்குகிறது. இன்று முழங்கால் வீங்கும், இரண்டு நாளில் அது வற்றிக் கணுக்கால் வீங்கும், பிறகு முழங்கை. இதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். மூட்டை நக்கிவிட்டு இருதயத்தைக் கடிக்கிற வியாதி என்று டாக்டர்கள் வேடிக்கையாய்ச் சொல்லுவார்கள்.

இந்த இடத்தில்தான் தோழர்கள் நன்றாய்க் கவனிக்கவேண்டும். மூட்டு வீக்கம் மாறி மாறி வருவதைப் பார்த்த வீட்டார் என்ன நினைக்கிறார்கள்? ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிற வலி, ஆகவே இது காற்று கருப்பு சேஷ்டை என்கிறார்கள். கண்திருஷ்டி என்கிறார்கள். மந்திரிக்கிறவனிடம் கொண்டுபோகிறார்கள். அவன் வேப்பிலை அடித்து, விபூதி போட்டு, ஒரு கறுப்புக் கயிறு கட்டி, பதினைந்து நாளில் சரியாய்ப் போய்விடும் என்கிறான். அவன் சொன்னபடியே பதினைந்து நாளிலோ ஒரு மாதத்திலோ வீக்கம் சரியாய்ப் போய்விடுகிறது! கயிறு கட்டினவன் ஜெயித்துவிட்டான். ஊர் முழுதும் அவன் புகழ் பரவுகிறது. ஆனால் கயிறு கட்டாவிட்டாலும் அந்த வீக்கம் தானாகவே வற்றத்தான் போகிறது. அந்த வியாதியின் சுபாவமே அப்படி. மூட்டில் தழும்பு இராது. தழும்பு முழுவதும் உள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாத இருதயக் கதவில் விழுகிறது. பத்து வருஷம் கழித்து அந்தப் பெண் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கும்போது, பழைய கறுப்புக் கயிற்றை யாரும் நினைப்பதில்லை. மந்திரவாதியின் வெற்றி பத்திரமாய் இருக்கிறது. தோல்வி மட்டும் தலையெழுத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

மூட நம்பிக்கையால் யாருக்கு என்ன கெடுதி, அவரவர் மனசாந்திக்குச் செய்துகொண்டு போகட்டுமே என்று நம்மிடம் சில மிதவாதக் கனவான்கள் புத்தி சொல்லுவதுண்டு. அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். கயிறு கட்டின அந்தப் பதினைந்து நாளில் அந்தப் பிள்ளையைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால், வியாதி இன்னதென்று கண்டுபிடித்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி என்று ஏற்பாடு செய்திருப்பார்கள். 1928-இல் பிளெமிங் கண்டுபிடித்த அதே பென்சிலின்தான். மறுபடி மறுபடி தொண்டைக் கிருமி வந்து, ஒவ்வொரு தடவையும் வால்வை இன்னும் கொஞ்சம் கடித்துவிட்டுப் போவதை அந்த ஊசி தடுக்கும். ஊசி ஒரு மாதம் இரண்டு மாதத்தில் முடிகிற காரியமல்ல. பெரியவர்களாகும் வரைக்கும், வால்வு கெட்டுப்போனவர்களுக்கு நாற்பது வயது வரைக்கும், சிலருக்கு அதற்குப் பிறகும் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஒவ்வாமை உண்டா என்று பார்த்து, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் போடவேண்டும். வலிக்கிற ஊசிதான். ஆனாலும் நெஞ்சைப் பிளக்கிறதைவிட வலி குறைவு.

எல்லாத் தொண்டைவலியும் இருதயத்தில் போய் முடியும் என்று நாம் பயங்காட்டவில்லை. மிகப் பெரும்பாலானவை முடியாது. ஆனால் எது முடியும், எது முடியாது என்று பார்க்க வேண்டியவன் டாக்டரே ஒழிய பூசாரி அல்ல.

இது பூர்வஜென்ம கர்மத்தின் பலன் என்று சொல்லுகிறவர்களுக்கும் ஒரு கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் லண்டன் நகரத்து ஆஸ்பத்திரிகளில் இதே வியாதிப் பிள்ளைகள் ஏராளமாய்க் கிடந்தார்கள். இன்று அந்த நாட்டில் இது அபூர்வமாய்ப் போய்விட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லோரும் திடீரென்று பூர்வ ஜென்மத்தில் புண்ணியம் செய்துவிட்டார்களா? ஒரே அறையில் எட்டுப் பேர் முட்டி மோதிப் படுத்து, ஒருவர் இருமலை ஒருவர் சுவாசிக்கிற வீடுகள் அங்கே குறைந்தன, சாப்பாடு பெருகியது, டாக்டரும் பென்சிலினும் ஏழைக்கும் கிடைத்தன. கர்மம் தானாக ஓடிவிட்டது. நம் ஊர் சேரியிலும் குடிசைத் தெருவிலும் அது இன்னும் குடியிருக்கிறதென்றால், குடியிருக்கச் செய்தது எது என்று ஜாதியையும் வறுமையையும் கேட்கவேண்டும். கிரகங்களைக் கேட்டுப் பயனில்லை.

பெண்கள் விஷயம் இதிலும் தனியாய்ச் சொல்லவேண்டியிருக்கிறது. மைட்ரல் என்கிற வால்வு சுருங்கின பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்பு பெரிய தொந்தரவு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடுகிற ரத்தம் ஏறக்குறையப் பாதிப்பங்கு அதிகமாகிறது. சுருங்கின கதவால் அவ்வளவையும் விடமுடிவதில்லை. ஐந்தாம் மாதம் ஆறாம் மாதத்தில் மூச்சு முட்டுகிறது, படுத்தால் இருமுகிறது, சில சமயம் சளியில் ரத்தம் தெரிகிறது. பிள்ளைத்தாச்சிக்கு மூச்சு வாங்குவது சகஜம் என்று மாமியார் சொல்லுகிறாள். மோகினி பிடித்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லுகிறாள். அந்தக் கல்யாணத்துக்கு முன்னே பத்துப் பொருத்தம் பார்த்திருப்பார்கள். ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டத்தையும் துருவியிருப்பார்கள். நெஞ்சின் நான்கு அறையை ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டிருக்கமாட்டார். அந்தக் குழாய் 1816-இல் பிரான்சு தேசத்து லேனெக் கண்டுபிடித்தது. இருநூறு வருஷத்துக்கு மேலாய் இருக்கிற கருவிக்கு நம் கல்யாணச் சடங்கில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அப்படிக் கேட்டுக் கோளாறு தெரிந்தால் அந்தப் பெண்ணை ஒதுக்கிவிட வேண்டும் என்பதல்ல நமது கருத்து. முன்னதாகத் தெரிந்தால் வைத்தியம் செய்துகொண்டு, டாக்டர் யோசனைப்படி கல்யாணமும் செய்யலாம், பிள்ளையும் பெறலாம். பிள்ளை வேண்டாமென்றால் பெறாமலும் இருக்கலாம். மறைத்து வைத்துக் கட்டிக்கொடுப்பதுதான் கொலை.

வைத்தியம் உண்டா என்று கேட்டால், தாராளமாய் உண்டு. அதன் சரித்திரத்தில் நம் தோழர்களுக்கு ருசியான ஒரு சங்கதி இருக்கிறது. 1925 மே மாதம் ஈரோட்டில் ‘குடி அரசு’ பிறந்தது. அதே மே மாதத்தில் லண்டனில் ஹென்றி சவுட்டர் என்கிற டாக்டர் ஓர் இளம்பெண்ணின் இருதயத்துக்குள் தன் விரலை விட்டு, ஒட்டிப்போன மைட்ரல் வால்வை விலக்கினார். பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு இந்தச் சிகிச்சைக்காக அவரிடம் ஒரு நோயாளியைக்கூட மற்ற டாக்டர்கள் அனுப்பவில்லை. இருதயத்தைக் கை தொடக்கூடாது என்கிற ஒருவிதத் தீண்டாமை படித்த வைத்தியர்களிடத்திலேயே இருந்தது! வைதிகம் கோயிலில் மட்டும் குடியிருப்பதில்லை. இருபதுக்கு மேற்பட்ட வருஷம் வீணாகி, 1948-இல்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்த வழி மறுபடி திறக்கப்பட்டது. 1960-இல் ஆல்பர்ட் ஸ்டார் என்கிற டாக்டரும் லோவல் எட்வர்ட்ஸ் என்கிற இஞ்சினீயரும் சேர்ந்து செய்த செயற்கை வால்வு மனிதன் நெஞ்சில் வைக்கப்பட்டது. ஒரு கூண்டுக்குள் உருளும் பந்து, அவ்வளவுதான். இப்பொழுது சுருங்கின மைட்ரல் வால்வை, தக்க நோயாளிகளுக்கு, தொடை ரத்தக்குழாய் வழியே ஒரு பலூனைச் செலுத்தி நெஞ்சைத் திறக்காமலே விரிக்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே நடந்தது இன்னும் பெருமைக்குரியது. வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டாததாயிருந்தபடியால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவருடைய கூட்டாளிகளும் நம் நாட்டிலேயே ஒரு வால்வு செய்ய முனைந்தார்கள். முதலில் செய்த மூன்று மாதிரிகளும் சோதனையில் தோற்றன. நாலாவது மாதிரி நின்றது. 1990 டிசம்பர் 6-ந் தேதி அது முதன்முதலாய் ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. பிறகு டி.டி.கே. கம்பெனி அதை உற்பத்தி செய்து, இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நெஞ்சுகளில் அது திறந்து மூடியிருக்கிறது. மூன்று தோல்வி என்பதை மறுபடி நினைத்துப் பாருங்கள். விஞ்ஞானி தோற்றால் குற்றம் என் வால்வில் என்று சொல்லி அதைத் தூக்கி எறிகிறான். பரிகாரம் தோற்றால் புரோகிதன் என்றைக்காவது குற்றம் என் மந்திரத்தில் என்று சொன்னதுண்டா? உன் சிரத்தையில் குறை, இன்னொரு ஹோமம் செய் என்பான்.

மற்றொரு வகை வால்வு பன்றியின் வால்விலிருந்தும், மாட்டின் இருதயத்தை மூடியிருக்கும் சவ்விலிருந்தும் செய்யப்படுகிறது. மாட்டிறைச்சி தின்றான் என்று மனிதனை அடித்துக் கொல்லுகிற தேசத்தில், அந்த மாட்டின் சவ்வு ஆசாரசீலர்கள் பலருடைய நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர்களை ஏகாதசி விரதம் இருக்கச் செய்துகொண்டிருக்கிறது. ஆப்பரேஷனில் ஏற்றப்படுகிற ரத்தம் எந்த ஜாதிக்காரன் கொடுத்தது என்று புட்டியில் எழுதியிருப்பதும் இல்லை, யாரும் கேட்பதும் இல்லை. உயிர் ஆசை வந்த இடத்தில் வருணாசிரமம் தானாக வெளியே போய் நிற்கிறது.

உலோக வால்வு வைத்துக்கொண்டவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ரத்தம் வால்வில் உறையாமலிருக்க வார்பரின், அசிட்ரோம் போன்ற மாத்திரையை ஆயுள் முழுதும் சாப்பிடவேண்டும். டாக்டர் சொன்ன நாளில் ரத்தம் சோதிக்கவேண்டும். நாட்டு மருந்து சாப்பிடுகிறேன், விரதம் இருக்கிறேன், மாலை போட்டிருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும், அல்லது உறைந்த கட்டி மூளைக்கு ஓடிக் கைகால் விழும். கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் ஒன்றுமில்லாமலும் மறு வாரம் மூன்று வேளையுமாயும் சாப்பிட்டால் மாத்திரையின் கணக்குக் கெடும். பல் பிடுங்கப் போனாலும் வால்வு வைத்திருக்கிறதை முதலில் சொல்லவேண்டும்.

இவ்வளவும் சாவகாசமாய்ச் செய்கிற வைத்தியம். இனி, அவசரம்.

தொட்டியத்தில் பங்குனித் திருவிழாவில் மதுரை காளியம்மன் தேரைச் சக்கரத்தில் இழுப்பதில்லை, தோளில் சுமக்கிறார்கள். அந்தப் பாரத்தின் கீழ் ஒருவன் மயங்கி விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் என்ன சொல்லும்? அருள் வந்துவிட்டது என்று சொல்லும். விபூதியைப் பூசி, கற்பூரத்தைக் காட்டி, உடுக்கை அடிக்கும். அயோர்ட்டா என்னும் பெரிய ரத்தக்குழாயின் வாசலில் இருக்கும் வால்வு சுருங்கினவன், பாரம் தூக்கும்போதோ மேடு ஏறும்போதோ மூளைக்கு ரத்தம் போதாமல் மயங்கி விழுவான் என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட முக்கியமான அடையாளங்களில் ஒன்று. மேற்கொண்டு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ அவனுக்கு இருந்தால் காலம் குறுகிவிட்டது என்று பொருள். உழைக்கும்போது மயங்கி விழுந்தவன், அடுத்த நிமிஷமே எழுந்து சிரித்தாலும், இருதய டாக்டரிடம் போய் எக்கோ படம் எடுத்துப் பார்க்கிற வரைக்கும் தோளில் பாரம் ஏற்றக்கூடாது. அப்படிப்பட்டவனுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையைக் கடன் வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. ரத்த அழுத்தம் விழுந்து அவன் எழாமலே போகலாம்.

நடு நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் இறுக்கம், குளிர்ந்த வியர்வை, தோளுக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, இவை சில நிமிஷத்துக்கு மேல் நின்றால் மாரடைப்பு என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். பெண்களுக்கும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் மேல்வயிற்றுச் சங்கடமும் மட்டும் வருவதுண்டு. நம் ஜனங்கள் இதையெல்லாம் வாய்வு என்கிற ஒரே மூட்டையில் கட்டி, ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துப் பார்த்து, விடியட்டும் என்று படுத்துவிடுகிறார்கள். விடிகிறது, ஆள்தான் இருப்பதில்லை. உடனே 108-க்குப் போன் செய்யவேண்டும். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் சொருகிக்கொண்டு போகக்கூடாது, நடக்கவும் விடக்கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர், வயிற்றில் ரத்தப்புண் உள்ளவர், மேலே சொன்ன வார்பரின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் தவிர மற்றவர்களுக்கு, 108-லோ ஆஸ்பத்திரியிலோ சொல்லுகிறபடி 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாம். 2023-இல் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கின ‘இதயம் காப்போம்’ திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இதற்கென்று 14 மாத்திரை வைத்திருக்க ஏற்பாடு. ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. தொட்டியத்திலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் இருக்கிறபடியால் இந்தச் சில்லறை விஷயம் சில்லறை விஷயமல்ல. முதல் ஈ.சி.ஜி.யை உள்ளூர் சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ முசிறியிலோ எடுத்துக்கொண்டு, அங்கிருந்து திருச்சிக்கோ நாமக்கல்லுக்கோ அவர்கள் அனுப்புகிற இடத்துக்குப் போகவேண்டும். திருச்சியில் சர்க்கார் மருத்துவக் கல்லூரிக்கு 1938 இந்தி எதிர்ப்பில் முன்னே நின்ற கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரை வைத்திருக்கிறார்கள். அதைச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் குலதெய்வத்துக்கு ஒரு சூடம் ஏற்றிவிட்டுப் போகலாம் என்று வண்டியை நிறுத்தச் சொல்லுகிற பெரியவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நலம்.

வால்வு வியாதிக்காரருக்குத் திடீரென்று மூச்சு முட்டி, நுரை நுரையாய் இருமல் வந்தால் படுக்க வைக்கக்கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் செய்து, 108-ஐ அழைக்கவேண்டும். தண்ணீரும் காப்பியும் புகட்டக்கூடாது.

ஆள் விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல், மூச்சும் சரியாய் இல்லாவிட்டால் இருதயம் நின்றுவிட்டது என்று கொள்ளவேண்டும். இதில் இரண்டு விஷயம் ஜனங்களை ஏமாற்றுகிறது. இருதயம் நின்றவுடன் கைகால் கொஞ்சம் வெட்டி இழுக்கும். உடனே வலிப்பு என்று சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார்கள். வலிப்புக்கே இரும்பினால் ஒரு பயனும் கிடையாது. இது வலிப்பும் அல்ல. இரண்டாவது, மீன் வாயைத் திறப்பதுபோல் இடைவெளி விட்டு விட்டு வருகிற ஏக்கத்தை மூச்சு என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். அது மூச்சல்ல. ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் அவரைக் கயிற்றுக் கட்டிலிலிருந்து இறக்கிக் கட்டாந்தரையில் மல்லாத்தி, நடு மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடியை வைத்து, அதன்மேல் மறுகையை வைத்து, முழங்கையை மடக்காமல், நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை, இரண்டு அங்குல ஆழத்துக்கு அமுக்கி அமுக்கி விடவேண்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதும் மேலே எழும்ப விடவேண்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறிக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ்காரர் வந்து தோளைத் தொடுகிறவரைக்கும் நிறுத்தக்கூடாது. வாயோடு வாய் ஊதப் பழகாதவர்கள் அமுக்கினால் மட்டும் போதும். காவிரியில் மூழ்கி எடுக்கப்பட்டவருக்கு மாத்திரம் மூச்சும் ஊதவேண்டும். ஆகவே ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் அதையும் பழகுவது அவசியம். ஒன்றும் செய்யாமல் நிற்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வீதம் குறைந்துகொண்டே போகிறது. பத்து நிமிஷம் உடுக்கை அடித்தால் கணக்குச் சரியாய் முடிந்துவிடும்.

கீழே கிடக்கிறவன் எந்த ஜாதி, அமுக்குகிற கை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று பார்க்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களைவிட நமக்கு அதிகக் கவலை தருவது, கீழே கிடப்பது பெண்ணாயிருந்தால் அன்னிய ஆண்பிள்ளை நெஞ்சில் கை வைக்கலாமா என்று நல்லவர்களே கூசி நிற்பது. நம் நாட்டில் மட்டுமல்ல, வெள்ளைக்காரர் நாட்டிலும் இந்தக் கூச்சத்தால் பெண்களுக்கு உதவி குறைவாய்க் கிடைக்கிறது. கற்பு கெட்டுவிடும் என்று உயிரைப் போகவிடுகிற சமூகம், செத்த பிறகு அதே பெண்ணைப் பத்துப் பேர் தொட்டுத் தூக்கிப் போவதற்கு மட்டும் ஆட்சேபணை சொல்லுவதில்லை.

தொட்டியம் வட்டாரத்துத் தோழர்களுக்கு நாம் யோசனையாய்ச் சொல்லுவது சில. பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்க வருகிற சர்க்கார் வைத்தியக் குழு உயரமும் எடையும் பார்த்துவிட்டுப் போகாமல் ஒவ்வொரு நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும்படி வற்புறுத்த வேண்டும். பென்சிலின் ஊசி இருப்பில்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பினால் அதே நாளில் மேலதிகாரிக்கு எழுதிப்போட வேண்டும். வால்வு மாற்றும் ஆப்பரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குகிறபடியால், கடனுக்கு நிலத்தை எழுதிக்கொடுப்பதற்கு முன்பு அந்தக் கார்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். திருவிழாக் கமிட்டியாரிடமும் போய்ப் பேசவேண்டும். தேர் சுமப்பது நமக்குச் சம்மதமில்லை என்பது அவர்களுக்கே தெரியும்; ஆனால் சுமக்கிறவன் நம்முடைய ஆள், அவன் செத்தால் அழுகிறவள் நம்முடைய பெண். தேர் போகிற வழியில் நெஞ்சை அமுக்கத் தெரிந்த நாலு பேரையும், மின்சார அதிர்ச்சி கொடுத்து நின்ற இருதயத்தை ஓட்டுகிற பெட்டியையும் ஒரு டாக்டரையும் நிறுத்தினால் காளியம்மனுக்குக் கோபம் வந்துவிடாது.

நம் கூட்டங்களிலும் சுயமரியாதைக் கல்யாணங்களிலும் பேச்சாளர்கள் இரண்டு மணி, மூன்று மணி நேரம் பேசுகிறோம். அதில் அரைமணியைக் குறைத்துக்கொண்டு, வந்திருக்கிற ஆண் பெண் எல்லோரையும் தரையில் முழங்காலிட்டு அமுக்கிப் பழகச் செய்யலாம். அதற்கென்று பொம்மை வாங்க வசதியில்லாத கிளைகள், முசிறிக் கோரைப் பாயை இறுக்கிச் சுருட்டிக் கட்டி, மேலே ஒரு தலையணையை வைத்து ஆரம்பிக்கலாம்.